தரிசன டிக்கெட்

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் ஆறு ஆட்டம் முடித்திருந்த நேரம். மும்பையை ஜெயித்த கையோடு வரிசையாக ஐந்து தோல்வி. அணியின் வரலாற்றில் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்திலேயே 103 ரன். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் அடித்துவிட்டுப் போனது. பெரிய காஞ்சிபுரம் டீக்கடைகளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிட்ச் சரியில்லை, ஏலத்தில் சொதப்பிட்டாங்க, ருதுராஜுக்கு முழங்கை போச்சு. எல்லாம் இருக்கட்டும். யாரும் வாய் திறக்காத காரணம் ஒன்று உண்டு: ரசிகர்களாகிய நாம்.

மார்ச் 28, பெங்களூருவுடன் ஆட்டம். இலக்கு 197. முதல் ஆறு ஓவரில் 30 ரன், மூன்று விக்கெட். தோனி இறங்கியது அஸ்வினுக்கும் பிறகு, ஒன்பதாவது ஆளாக. 16 பந்தில் 30 அடித்தார். நாம் 50 ரன்னில் தோற்றோம். 17 வருஷம் கழித்து பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயிச்சிருக்கு; நம்ம ஆட்கள் ஸ்டேட்டஸ் வைத்தது அவருடைய சிக்ஸர்களை!

2019இல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது ஊர் தாங்காத கூட்டத்தைப் பார்த்தவன் நான். 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வரும் பெருமாளுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதில் அர்த்தம் இருக்கிறது. கிரிக்கெட் அப்படியா? எதிரே பதினொரு பேர் ஜெயிக்க வந்திருக்கிறார்கள். ஜடேஜா அவுட்டானால் 'தல வர்றாரு' என்று ஆர்ப்பரிக்கும் கூட்டம் ஆட்டம் பார்க்க வந்ததில்லை, தரிசனத்துக்கு வந்தது. சொந்த விக்கெட்டுக்குக் கைதட்டும் ரசிகனை வைத்துக்கொண்டு எந்த அணி உருப்படும்?

"அஞ்சு கப் வாங்கிக் கொடுத்தவர்டா" என்பீர்கள். யார் மறுத்தது? ஆனால் பத்து ஓவர் முழுசாக ஓடி ஆட அவர் முழங்கால் இடம் கொடுக்காது என்று குவாஹாட்டி தோல்விக்குப் பின் பயிற்சியாளர் ஃபிளெமிங்கே சொல்லிவிட்டார். நாம் கேட்பதைத்தான் நிர்வாகம் விற்கிறது. அவர் முகத்துக்கே டிக்கெட் தீர்ந்துவிடும்போது, புதுப் பையன்களைத் தேடி வளர்க்க அவர்களுக்கு என்ன அவசரம்? சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர் மூவரும் 2025இல் குஜராத்துக்கு ஆடினார்கள். அந்த 103க்குள் நம்மைச் சுருட்டியதில் இரண்டு விக்கெட் தமிழ்நாட்டு வருண் சக்கரவர்த்தியுடையது, கொல்கத்தா சட்டையில்.

எங்க ஊர் பட்டை வைத்துச் சொல்கிறேன். முந்தானையில் எவ்வளவு ஜரிகை கொட்டினாலும், உடல் நெடுக இழை அறுந்திருந்தால் அந்தப் புடவையை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். கடைசி இரண்டு ஓவர் முந்தானை. நாம் கோட்டை விடுவது உடலை.

அடுத்த முறை சேப்பாக்கம் போறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறேன். நம்ம பேட்ஸ்மேன் அவுட்டானா வாயை மூடிட்டு இருங்க. புதுசா ஒரு பையன் இறங்கினா, அவன் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, அதைச் சொல்லிக் கத்துங்க.