காகித மீசை

கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களைப் பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்பது நம் வழக்கம். சில வருஷங்களாக அந்தத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாம்பாளம் வந்து உட்கார்ந்திருக்கிறது. குச்சியில் ஒட்டிய காகித மீசை, காகிதக் கிரீடம், பாதி முகத்தை மறைக்கும் மூக்குக்கண்ணாடி, 'சாப்பாட்டுக்காக வந்தவன்' என்று எழுதிய அட்டை என அதில் சகலமும் உண்டு. ரிஸப்ஷனுக்கு வந்தவர் இவற்றில் ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பூக்களால் ஜோடித்த ஒரு தட்டியின் முன் நின்று பல்லைக் காட்ட வேண்டும். இதற்குப் 'போட்டோ பூத்' என்று பெயர். இன்னும் வசதியுள்ள வீடுகளில், வட்டமான ஒரு பலகைமேல் விருந்தாளியை ஏற்றி நிறுத்தி, அவரைச் சுற்றி ஒரு காமிராவைச் செக்குமாடு போலச் சுழல விடுகிறார்கள். அதற்கு '360 டிகிரி' என்று பெயர்.

வந்தவர்கள் சந்தோஷமாகப் பொழுது போக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் இதையெல்லாம் செய்கிறார்கள். அந்த எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. வந்தவருடைய முகம் கல்யாண வீட்டுக்கு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்றால் அந்த முகத்தை எங்கே படம் எடுக்கிறார்கள்? மேடையில் எடுக்கிறோமே என்பார்கள். அந்த மேடை லட்சணத்தையும் பார்ப்போம். 400 பேர் வந்த ஒரு ரிஸப்ஷன். நான்கு நான்கு பேராக ஏறினால் 100 கூட்டம். கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் என்றால் 100 நிமிஷம். இதில் எண்பது வயதுப் பாட்டி உண்டு. முழங்கால் வலிக்காரர் உண்டு. தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் தாய் உண்டு. எல்லோரும் ரேஷன் கடைபோல வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்து மேடை ஏறினதும், "ஸார், கொஞ்சம் உள்ளே வாங்க. மேடம், இங்கே பாருங்க. தேங்க்ஸ். அடுத்தது!" என்ற அதிகாரக் குரல். மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேச வாயெடுத்தவர், வாயை மூடுவதற்குள் அடுத்த படிக்கட்டு வழியாக இறக்கப்பட்டுவிடுகிறார்.

பிறகு ஆல்பம் வருகிறது. புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் நடுவில் அதே இருவர், அதே புன்னகை, அதே சோபா. இரண்டு ஓரங்களில் மட்டும் ஆட்கள் மாறுகிறார்கள். திருச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியம்மா அந்தப் படத்தில் விருந்தாளி அல்ல. வாழைமரம் மாதிரி ஓர் ஓரத்து அலங்காரம். அந்தப் படமாவது அவள் கைக்குப் போய்ச் சேருகிறதா? பெரும்பாலும் இல்லை.

ஆக, மேடையில் அவள் அலங்காரம். மூலையில் போனால் கோமாளி. அவளாக அவளைப் பார்த்த காமிரா அந்த மண்டபத்தில் ஒன்றுகூட இல்லை.

வேஷம் போட்டுப் படம் எடுப்பது புதிதா என்று கேட்கலாம். புதிதல்ல. நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் மாளிகைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரை தொங்கும். பக்கத்தில் ஒரு பூச்சாடி ஸ்டாண்டு நிற்கும். கோட்டு இல்லாதவருக்கு இரவல் கோட்டு கிடைக்கும். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் அத்தகைய பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேகரித்துப் பாதுகாத்திருக்கிறது. படம் எடுத்தால் ஆயுசு குறையும், மூன்று பேராக நின்றால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்றெல்லாம் பயந்த ஜனங்கள்தாம், அந்தப் பயத்தையும் மீறி, துவைத்த வேட்டியும் படிய வாரிய தலையுமாக அங்கே போய் நின்றார்கள். அந்த இரவல் கோட்டு மனிதனை ஒரு படி உயர்த்திக் காட்டியது. முகத்தை அது தொடவே இல்லை. இன்றைய காகித மீசை நேரே முகத்தில் வந்து உட்காருகிறது. இரண்டும் வேஷம்தான். ஆனால் ஒன்று கௌரவத்துக்காகப் போட்டது. மற்றது இருக்கிற கௌரவத்தையும் கழற்றி வைப்பதற்காகப் போடுவது.

இந்த 'பூத்' என்ற வார்த்தைக்கே ஒரு கதை இருக்கிறது. அனடோல் ஜோசபோ என்பவர், ஸைபீரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், 1925-ல் நியூயார்க் பிராட்வே வீதியில் தானாகப் படம் எடுக்கும் யந்திரம் ஒன்றை வைத்தார். 25 சென்ட் போட்டால் 8 படங்கள். ஜனங்கள் அலைமோதினார்கள். இரண்டே வருஷத்தில், 1927-ல், அவருடைய உரிமை பத்து லட்சம் டாலருக்கு விலை போயிற்று. அப்படி என்ன அதில் கவர்ச்சி? மலிவு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால் உள்ளே படம் பிடிக்கிறவன் இல்லை.  மனிதன் தன் இஷ்டப்படி சிரித்தான், முறைத்தான், பக்கத்தில் இருந்தவளுக்கு முத்தம் கொடுத்தான். அந்தச் சுதந்திரம்தான் பூத். நாம் திரையைக் கிழித்து எறிந்துவிட்டு, "குதியுங்க ஸார், கையைத் தூக்குங்க மேடம்" என்று ஏவுகிற ஓர் ஆளை நிறுத்திவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எட்வின் லாண்ட் கதையும் அப்படியே. 1943-ல் அவர் தம் மூன்று வயது மகளைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று குழந்தை கேட்டாள். அந்தக் கேள்விதான் 1948-ல் போலராய்டு காமிராவாகக் கடைக்கு வந்தது. குழந்தை கேட்டது நியாயமான கேள்வி. என் படம் என் கைக்கு வரவேண்டாமா? நம் மேடையில் நின்று இறங்குகிற ஒவ்வொரு விருந்தாளியும் மனத்துக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டு போகிறார்.

இது வெறும் மரியாதைப் பிரச்னை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டில் பெரியவர் கண்ணை மூடிவிட்டால், மாலை போட ஒரு படம் வேண்டும். பீரோவைக் குடைவார்கள், டிரங்குப் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். ஆதார் அட்டையில் இருக்கிற முகத்தைப் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. கடைசியில் எங்கே அகப்படும்? யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்த கும்பல் படத்தில். ஸ்டூடியோக்காரர் தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழித்துவிட்டு, முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் நீல நிறம் பூசித் தருவார். எத்தனையோ வீட்டுக் கூடங்களில் மாலையோடு தொங்கும் தாத்தாவும் பாட்டியும் இப்படி ஏதோ ஒரு கல்யாணத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவர்கள்தாம். அந்த மனிதர்களை அத்தனை நல்ல துணியில், அத்தனை பேர் நடுவில், அவ்வளவு சந்தோஷமாக வேறு எங்கே பார்த்திருக்க முடியும்? கல்யாண வீடு அவர்களுக்குத் தெரியாமலே செய்த உபகாரம் அது. காகித மீசைக்குப் பின்னால் இருக்கும் முகத்தை எந்த ஸ்டூடியோக்காரர் மீட்டுத் தருவார்?

"இப்போதுதான் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே!" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். செல்போன் அதைப் பிடித்திருக்கிறவர் முகத்தைத்தான் விரும்பிப் பார்க்கும். பந்தியில் இலை போடுகிற சித்தப்பாவையும், சமையல் கட்டுக்கும் மணமகள் அறைக்குமாக ஓடுகிற அத்தையையும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயிரம் படங்களுக்கு அடியில் தப்பித் தவறி ஒரு நல்ல படம் கிடந்தாலும், அந்தச் செல்போன் கெட்டுப்போகிற நாளோடு அதுவும் போயிற்று.

"ஒரு நாள் கூத்து, சிறிசுகள் சிரித்துவிட்டுப் போகட்டுமே" என்பது அடுத்த சமாதானம். தாராளமாகச் சிரிக்கட்டும். இருபது வயதில் கிரீடம் வைத்துக் குதிக்காமல் அறுபதிலா குதிப்பது? அந்த மூலையை இடிக்கச் சொல்லவில்லை. அதை வைத்துவிட்டதாலேயே வந்தவர்களைக் கவனித்தாயிற்று என்று கல்யாண வீட்டார் கையைத் துடைத்துக்கொள்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன். விருந்தாளிக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்து ஒரு பக்கம் உட்கார்த்தி வைப்பது, அழுகிற குழந்தையைச் சமாளிக்கும் உபாயம். உபசாரம் ஆகாது.

பின்னே என்னதான் செய்வது என்றால், செய்ய நிறைய இருக்கிறது. இரண்டு படக்காரர்களை அமர்த்தினால் ஒருவர் மேடைப் பக்கமே போகக் கூடாது. அவருக்கு உறவு முறை தெரியாது. ஆகவே குடும்பத்தில் நாலு பேரைத் தெரிந்த ஒருவர் அவர் கூடவே நடக்கட்டும். "இவர் பெண்ணின் தாய்மாமன். அவர் இருபது வருஷத்துக்குப் பிறகு தங்கையைப் பார்க்கிறார். இருவரையும் சேர்த்து எடுங்கள்" என்று சொல்லட்டும். மண்டபத்தில் வெளிச்சமான ஒரு சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு போடுங்கள். அட்டை வேண்டாம், கிரீடம் வேண்டாம். அக்கா தங்கைகள், பழைய ஆபீஸ் நண்பர்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று நெடுநாள் கழித்துக் கூடியவர்கள் தங்கள் இஷ்டப்படி உட்காரட்டும். அந்த இடத்திலேயே இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். மற்றொன்றை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பெயர், ஊர், உறவு மூன்றையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சுழலும் பலகைக்குப் பணம் இருக்கும் வீட்டில் இதற்கு இல்லாமல் போகாது.

காமிராவை விருந்தாளி கையிலேயே கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு தடவை மட்டும் உபயோகிக்கும் காமிராவை ஜப்பானியர்களின் பியூஜி கம்பெனி 1986-ல் கொண்டு வந்தது. பிறகு மேல்நாட்டுக் கல்யாணங்களில் மேஜைக்கு ஒன்றாக அதை வைத்தார்கள். தலை வெட்டுண்ட படங்களும் கோணல் படங்களும் நிறைய வந்திருக்கும். ஆனாலும் தங்களைச் சுற்றி அன்று என்ன நடந்தது என்பது மணமக்களுக்கு அந்தக் கோணல் படங்களில்தான் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று. மணமக்களே, ஒரு அரை மணி நேரம் அந்தச் சோபாவை விட்டு இறங்குங்கள். படியேற முடியாதவர்களிடம் நீங்கள் நடந்து போங்கள். பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லுகிற பழங்கதையை முழுக்கக் கேளுங்கள். படக்காரர் "இங்கே பாருங்க" என்று கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள். அந்தப் படத்தில் பாட்டியின் முகம் தெரிந்தால் போதும்.