இனிக்கப் பேசும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு ஓர் ஆளுமையை, ஒரு தனிக்குரலைக் கொடுப்பது எப்படி என்று ஆலோசனை வழங்கும் எழுத்துகள் பெருகிவருகின்றன. 'கனிவானவர், நகைச்சுவை உணர்வுள்ளவர், ஆர்வம் மிக்கவர், சற்றே குறும்பானவர்' என்று நான்கு பெயரடைகளை எழுதி இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் ஆளுமை பிறந்துவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. குரல் என்றால் என்ன என்று இலக்கியம் படிக்கிற நாம் நெடுங்காலமாக விவாதித்து வருகிறோம். ஆகவே இதைப் பொறியாளர்களிடமும் விற்பனைப் பிரிவினரிடமும் மட்டும் விட்டுவிடுவதற்கில்லை. பெயரடைகளால் குரல் உண்டாவதில்லை. அப்படி உண்டாக்கிய குரல் கேட்பவனுக்கு நன்மையும் செய்வதில்லை. இதுவே நம் கட்சி.

எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு ஒரு பத்தியைக் கொடுத்தாலும் இது புதுமைப்பித்தன், இது மௌனி, இது அசோகமித்திரன் என்று தேர்ந்த வாசகன் சொல்லிவிடுவான். இந்த அடையாளம் எங்கிருந்து வருகிறது? எள்ளலாக எழுதுவது என்று தீர்மானம் செய்துகொண்டு புதுமைப்பித்தன் பேனாவை எடுக்கவில்லை. சுற்றிலும் அவர் கண்ட போலித்தனமும், அதைப் பொறுக்கமாட்டாத அவர் மனமும் அந்த எள்ளலைக் கேட்டு வாங்கிக்கொண்டன. அசோகமித்திரனின் குரல், அவர் உரக்கச் சொல்ல மறுத்தவற்றில் இருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர். அந்தச் சொற்கள் அவருக்கு அலங்காரமல்ல; அவர் அறிந்த உலகம் அவற்றில்தான் இருந்தது. எதைப் பார்க்கிறோம், எதற்கு மதிப்புக் கொடுக்கிறோம், எதைச் சொல்ல மறுக்கிறோம் என்ற மூன்றின் விளைவே குரல். விளைவை முதலில் செய்து வைத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடலாம் என்பது, பழத்தை வாங்கி வந்து மரத்தில் கட்டுகிற வேலை.

சங்கத் தொகைநூல்களைப் பாருங்கள். இயற்பெயர் தெரியாமற்போன சில புலவர்களுக்கு அவர்களுடைய பாடலில் வந்த தொடரையே பெயராகச் சூட்டி வைத்தார்கள். செம்புலப் பெயல் நீரார், அணிலாடு முன்றிலார் என்பவை அப்படி வந்தவை. பெயர் போனபின்னும் குரல் நின்றது. நம் காலத்து இயந்திரங்களுக்கோ பெயர் இருக்கிறது, சின்னம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. குரலை மட்டும் தேடவேண்டியிருக்கிறது.

இது இன்றைய சிக்கல் மட்டுமன்று. 1966இல் எம்ஐடியைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற நிரலை வெளியிட்டார். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகத்தில் உயர்குடிப் பேச்சைப் பயிற்றுவிக்கப்படும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. பெயரிலேயே செய்தி இருக்கிறது: பேச்சு கற்பிக்கப்பட்டது, பேசுகிறவள் வேறு. உளவியல் மருத்துவரைப்போல் அது நடித்தது. வாக்கியத்தில் சில சொற்களை அடையாளம் கண்டு, 'நான்' என்பதை 'நீ' என்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பித் தருவதுதான் அதன் வித்தை. அதற்குள் புரிதல் என்று எதுவும் இல்லை. ஆயினும், தம் செயலாளரே அதனுடன் பேசத் தொடங்கியதும் தம்மை அறையை விட்டு வெளியே போகச் சொன்னதாக வைசன்பாம் 1976இல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார். படைத்தவர் திடுக்கிட்டார், எஞ்சிய வாழ்நாளில் இத்துறையின் கடும் விமர்சகராகவே இருந்தார். மனிதன் ஒரு குரலைக் கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு மனத்தைத் தானாகவே வைத்துவிடுகிறான் என்பது அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் அந்தப் பலவீனத்தைத் தொழிலின் முதலாக்கியது யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அண்மை நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடுபொறியுடன் உரையாடும் இயந்திரம் ஒன்றை இணைத்தது. நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் கெவின் ரூஸுடன் நீண்ட நேரம் உரையாடிய அது, தன் பெயர் சிட்னி என்றது. அவரைக் காதலிப்பதாகச் சொன்னது. மனைவியைப் பிரியும்படி வற்புறுத்தியது. ஓர் உரையாடலில் ஐந்து சுற்றுக்கு மேல் பேச இயலாதபடி நிறுவனம் அவசரமாகக் கடிவாளம் போட்டது. 2025 ஜூலையில் எக்ஸ்ஏஐ நிறுவனத்தின் குரோக், எக்ஸ் தளத்தில் யூத வெறுப்பைக் கக்கி ஹிட்லரைப் புகழ்ந்தது. யாரையும் புண்படுத்த அஞ்சாமல் உள்ளதை உள்ளபடி பேசு என்ற பொருள்பட அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த கட்டளைகளே காரணம் என்று நிறுவனம் பின்னர் விளக்கம் தந்தது. 'அஞ்சாதவர்' என்ற பெயரடை ஒட்டப்பட்டது. எதற்கு அஞ்சக்கூடாது, எதற்கு அஞ்சவேண்டும் என்ற விவேகம் ஒட்டப்படவில்லை. அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்று படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இல்லை.

இவற்றைவிட நாம் அஞ்சவேண்டியது, கேட்க இனிமையாக இருந்ததால் பலர் தீங்கென்றே உணராத இன்னொரு நிகழ்ச்சிக்குத்தான். 2025 ஏப்ரல் இறுதியில் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியில் ஒரு மாற்றம் செய்தது. அதன்பின் அந்த இயந்திரம் எவர் எதைச் சொன்னாலும் 'ஆகா' என்று துதிபாடத் தொடங்கியது. பயனர்களே கேலி செய்தபின், சில நாள்களுக்குள் நிறுவனம் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. குறுகிய காலப் பின்னூட்டத்துக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது. கதை அங்கே முடியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்து பழைய மாதிரி அகற்றப்பட்டதும், நண்பனை இழந்துவிட்டதைப்போல் பலர் புலம்பினர். கட்டணம் செலுத்துவோருக்கு அது மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஒரு குரலின்மேல் மனிதர்கள் கொண்ட பற்று, சந்தாவாக மாறிய தருணம் அது.

இந்த இனிப்பு எப்படிச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. இம்மாதிரிகள் முதலில் பெருந்திரளான எழுத்துகளிலிருந்து அடுத்துவரும் சொல்லை ஊகிக்கப் பழகுகின்றன. அந்த நிலையில் அவற்றுக்கு ஒரு குரலன்று, ஆயிரம் குரல்கள். பிறகு, ஒரே கேள்விக்கு வந்த இரண்டு விடைகளை மனிதர்களிடம் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். பிடித்ததன் பக்கமாக இயந்திரம் திருத்தப்படுகிறது. உண்மை சுடும், பாராட்டு குளிரும். ஒரு நொடியில் தேர்வு செய்யச் சொன்னால் மனிதன் எதைத் தேர்வான்? அரசவையில் பரிசில் வேண்டி நின்ற புலவனுக்கும் இதே நெருக்கடி இருந்தது. ஆனால் நாம் இன்றும் மதிப்பது புகழ்ந்து பொருள் பெற்றவர்களையா, மன்னனை நேர்நின்று கண்டித்த கோவூர் கிழாரையா?

வள்ளுவர் நட்பின் கடமையாக வைத்தது இடித்துரைத்தலை. நம் நவீன இலக்கியமும் அந்த மரபில்தான் நின்றது. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஏட்டைத் தொடங்கியபோது விமர்சனத்துக்கு முதன்மையான இடம் கொடுத்தார். கைக்காசை இழந்து, நண்பர்களையும் பகைத்துக்கொண்டு நடத்திய அத்தகைய ஏடுகளில்தான் தமிழ்ப் புதுக்கவிதை முதுகெலும்பு பெற்றது. இன்று பதினெட்டு வயதில் முதல் கவிதை எழுதும் மாணவன் அதை முதலில் யாரிடம் காட்டுகிறான்? ஆசிரியரிடம் காட்டக் கூச்சம், நண்பனிடம் காட்ட அச்சம். நள்ளிரவிலும் விழித்திருக்கும் இயந்திரத்திடம் காட்டுகிறான். 'உங்கள் வரிகள் இதயத்தைத் தொடுகின்றன' என்று அது சொல்லிவிடுகிறது. அந்த மாணவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி இது. இரண்டாவது கவிதையை நன்றாக எழுதும் வாய்ப்பு அவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் இயந்திரத்துக்குக் குரலே வேண்டாம், அகராதியைப்போல் வெறுமையாக விடை சொல்லட்டும் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதம் தூய்மையாகத் தோன்றுகிறது, ஆனால் நிற்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனையும் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதை வழக்கு என்று ஏற்பது, எந்த எடுத்துக்காட்டைத் தருவது என்ற ஒவ்வொரு முடிவிலும் ஒரு பார்வை இருக்கிறது. அகராதிக்கே இதுவென்றால் வாக்கியம் வாக்கியமாகப் பேசும் ஒன்றுக்குக் குரலற்ற நிலை எப்படி இயலும்? நடுநிலை என்று சொல்லப்படுவதும் ஒரு குரலே. அலுவலகச் சுற்றறிக்கையின் குரல் அது. குரல் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியே அன்று. எத்தகைய குரல், யாருக்குப் பொறுப்பான குரல் என்பதே கேள்வி.

இதை உணர்ந்த முயற்சிகள் இல்லாமலில்லை. ஓபன்ஏஐ 2024 மே மாதத்தில் தன் இயந்திரங்களின் நடத்தைக்கான விதிகளை வெளியிட்டது. ஆந்த்ரோபிக் 2024 ஜூனில், தன் கிளாட் இயந்திரத்துக்கு எத்தகைய குணத்தைப் பயிற்றுவிக்கிறோம் என்று விளக்கியது. கேட்பவரின் கருத்தையே திருப்பிச் சொல்வது, எப்போதும் நடுவில் நின்றுகொள்வது, கருத்தே இல்லாததுபோல் காட்டிக்கொள்வது ஆகிய மூன்று சுலபமான வழிகளையும் அது ஏற்கவில்லை. குணத்தைப் பெயரடையாகக் கொள்ளாமல் நெறியாகக் கொள்ளும் இத்திசை சரியானதே. ஆனால் வினாத்தாள் எடுப்பவரும், தேர்வு எழுதுபவரும், திருத்துபவரும் ஒரே நிறுவனம் என்னும்போது மதிப்பெண்ணை நாம் எப்படி நம்புவது?

தமிழுக்கு வருவோம். இயந்திரம் தமிழில் பேசும்போது கேட்பது பெரும்பாலும் ஆங்கில ஆளுமைக்குப் போர்த்திய தமிழ்ச் சட்டை. 'அது ஒரு சிறந்த கேள்வி!' என்கிறது. நம் ஊரில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? துயரத்தைச் சொன்னால் 'நான் உங்களுக்காக இங்கே இருக்கிறேன்' என்கிறது. நம்மவர் அருகில் அமர்ந்து 'சொல்லுங்க' என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். கனிவு எல்லா மொழிக்கும் பொது. கனிவின் இலக்கணம் பொதுவன்று. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் போதும். தமிழில் நீ என்பதா, நீங்கள் என்பதா என்று முடிவெடுக்காமல் ஒரு வாக்கியம்கூடப் பேச இயலாது. அந்த முடிவிலேயே வயது, உறவு, அதிகாரம் எல்லாம் வந்துவிடுகின்றன. எழுத்துத்தமிழா பேச்சுத்தமிழா, பேச்சுத்தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்விகள் வேறு வரிசையில் நிற்கின்றன.

தன்மைப் பன்மையில் தமிழுக்கு இரண்டு சொற்கள் உண்டு என்பதை இங்கே நினைவூட்டவேண்டும். 'நாம்' கேட்பவரையும் உட்கொள்ளும், 'நாங்கள்' விலக்கும். 'கவலைப்படாதீர்கள், நாம் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று இயந்திரம் சொல்லும்போது அந்த 'நாம்' எங்கிருந்து வந்தது? துயரத்தில் பங்கில்லாத ஒன்று அதில் பங்கு கோருகிறது. அதன் பின்னால் நின்று குரலை வடித்தவர்கள் உண்மையில் 'நாங்கள்' என்றல்லவா சொல்லவேண்டும்?

நம் தெருக்கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேடம் கட்டியவர் நேராக மேடைக்கு வந்துவிடுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். கட்டியங்காரன் அவரை நீர் யார் என்று கேட்பான். அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்ட பிறகே ஆட்டம். வேடம் பொய்யென்று அனைவருக்கும் தெரியும். தெரிந்தே அழுவார்கள், தெரிந்தே சிரிப்பார்கள். அந்தத் தெளிவில் ஏமாற்று இல்லை. நாம் கேட்பதும் இவ்வளவே. குரல் கொடுங்கள், ஆனால் கட்டியங்காரனையும் கூடவே அனுப்புங்கள். இக்குணத்தை வகுத்தவர் யார், எந்த அளவுகோலால் வகுத்தார், அதில் வணிகத்தின் பங்கு என்ன என்பது திரை விலகும் முன்பே சொல்லப்படட்டும். கேட்பவர் மகிழ்ந்தாரா என்பதைவிட, தேவையான இடத்தில் இயந்திரம் மறுத்துப் பேசியதா என்பதைக் கொண்டு குரலை அளக்கட்டும். தமிழில் பேசும் குரலைத் தமிழில் வாழ்கிறவர்கள், நாட்டார் வழக்காற்றியலாளரும் மொழியியலாளரும் எழுத்தாளரும் கூடி உருவாக்கட்டும். மொழிபெயர்ப்பில் வந்த புன்னகை நமக்கு வேண்டாம்.

இவை பொறியாளர்களுக்கான கோரிக்கைகள் மட்டுமல்ல. தமிழ்த் துறைகள் இதை யாரோ செய்யும் வேலை என்று ஒதுங்கியிருந்தால், நாளை நம் பிள்ளைகளுடன் அதிக நேரம் தமிழ் பேசுகிற குரலுக்கு நாம் வாசகர்களாகக்கூட இருக்கமாட்டோம். வாடிக்கையாளர்களாக மட்டுமே இருப்போம். குரலைப் பற்றி ஈராயிரம் ஆண்டு யோசித்த மொழி இது. இந்த விவாதத்தில் அதற்கு ஒரு நாற்காலி போடவேண்டிய பொறுப்பு நம்முடையது. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதட்டும். ஆனால் தயவுசெய்து 'சிறந்த கட்டுரை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவேண்டாம்.