கறளுக்கு மேல பெயின்ட் அடிக்காதீங்க

பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்துத் திருத்துகிறோம் என்று சொன்னால், ஊரில் வருகிற முதல் கேள்வி "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்பதுதான். முகநூலில் வருகிற படங்களும் அப்படித்தான். இந்தப் பக்கம் கறள் பிடித்த வண்டி, அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குகிற வண்டி. நடுவில என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் காட்டுறதில்லை. எங்களுக்கு அந்த நடுப்பகுதியில்தான் அக்கறை. அந்த வண்டியில் ஏறுகிறவருக்குப் பாதுகாப்பு இருக்கா இல்லையா என்பது அங்கதான் முடிவாகுது.

எங்கட வயதுக்காரர் பழைய கார் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ஆசை மட்டுமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் புதுக் காரின் விலையை நாங்கள் பார்க்கலாம், தொட ஏலாது. அதனால்தான் தாத்தா காலத்து மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் திரும்பவும் முற்றத்துக்கு வருகின்றன.

இந்த வண்டிகள் இன்னும் ஓடுவது தற்செயல் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோல் இல்லாத காலத்திலும் மண்ணெண்ணெய் ஊற்றி இவற்றை ஓட வைத்தார்கள். சார்ல்ஸ் வெயர் என்பவர் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்தியவர். அவர் தனபால சமரசேகரவோடு சேர்ந்து இலங்கையில் 'டியூரபிள் கார் கம்பனி'யைத் தொடங்கினார். இங்கே செய்த உதிரிப்பாகங்கள் பிரித்தானியாவுக்கே போயின. வண்டியைச் செய்த நாட்டுக்கே பாகம் செய்து அனுப்பிய கைகள் எங்கட நாட்டில் இருந்திருக்கு. டிங்கரிங் வேலையை "படிப்பு ஏறாதவன் போற இடம்" என்று சொல்லுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. பழைய லொறி மாதிரி அதற்குத் தனியாக ஒரு சேசி கிடையாது. தகரக் கூடுதான் தோல், அதுதான் எலும்பும். தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி, பின் வில்லுத் தகடுகள் பூட்டுகிற இடம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அந்தப் பெட்டி உக்கினால் கதவு சரியாகப் பூட்டாது. விபத்து நடந்தால் வண்டி மடியும்.

வெல்லாவெளி மாதிரி ஒரு இடத்தில் இது இன்னும் மோசம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறோம். மாரியில் வயலும் ரோட்டும் ஒன்றாகிவிடும். மண்டூர்ப் பக்கம் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்தால் உவர்நீர் படும். இரும்பு கறள் பிடிக்கத் தண்ணீரும் ஒட்சிசனும் போதும். உப்பும் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும். கீழே இருக்கிற வடிகால் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால் தகரம் உள்ளேயிருந்து உக்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிற நேரம், உள்ளே பாதி போயிருக்கும்.

அந்தக் கொப்புளத்தைச் சுரண்டி, கட்டலோய் அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் ஒரு கிழமையில் வண்டி புதுசு. கட்டலோய் கெட்ட சாமான் இல்லை. நல்ல தகரத்தில் இருக்கிற சின்ன நெளிவை மூன்று மில்லிமீற்றர் அளவில் நிரப்பத்தான் அது வந்தது. அதற்கு வலிமை கிடையாது, ஈரத்தையும் உறிஞ்சும். ஓட்டையை அதால் அடைப்பது, உடைந்த காலுக்குப் பவுடர் பூசுவது போல. வாங்கப் போகிறவர் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் உடம்பெல்லாம் வைத்துப் பார்க்கட்டும். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, அல்லது மேலே தடிப்பாக அப்பியிருக்கு.

சரியான வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. வண்டியை மட்டமாக நிறுத்தித் தாங்கு கொடுக்க வேண்டும். பெட்டியை வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்ட் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் கூடு தொய்ந்துவிடும். வெல்டிங் தொடங்க முதல் பற்றரியையும் எரிபொருள் தாங்கியையும் கழற்ற வேண்டும். மினுங்குகிற நல்ல தகரம் வருகிற வரைக்கும் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்ட் பண்ணி, பிறைமர் அடித்து, மூட்டுகளை அடைத்து, வடிகால் துளைகளைத் திறந்து விட வேண்டும். கட்டலோய் அதற்குப் பிறகு. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

வீட்டில் செய்யக்கூடாததும் உண்டு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த தூளாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். மாஸ்க் கட்டாயம். ஹார்ட்னர் கலந்து அடிக்கிற டூ-கே பெயின்டில் இருக்கிற ஐசோசயனேட் சாதாரண மாஸ்க்கில் நிற்காது, ஆஸ்துமாவைக் கொண்டு வரும். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் அதை அடிக்காதீங்க. அந்த ஒரு வேலையை கராஜுக்குக் கொடுங்க.

"காசுக்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கட பதில்: இருக்கிற காசு முதலில் தரைத் தகட்டுக்கும் பெட்டிக்கும் போகட்டும். ஒரு வருசம் பிறைமர் நிறத்தோடு வண்டி நிற்கட்டும். பார்க்கிறவன் சிரிப்பான், சிரிச்சிட்டுப் போகட்டும்.

சட்டமும் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனை செய்கிறோம். தனியார் காரின் அடியில் குனிந்து பார்க்க ஆளில்லை. பிரித்தானியாவின் எம்ஓடி பரிசோதனையில், இருக்கைப் பட்டியும் சஸ்பென்ஷனும் பூட்டுகிற இடங்களைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் மோசமான கறள் இருந்தால் வண்டி தேறாது. 40 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு அங்கேயும் 2018இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. பரிசோதனை இல்லாத இடத்தில், திருத்துகிறவருடைய மனச்சாட்சிதான் பரிசோதகர்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். வெட்டின தகரத்தை, வெல்டிங் தையலை, உக்கின பெட்டியைப் படம் எடுத்து வையுங்க. விற்கிற நாளில் அந்தப் படங்களையும் சேர்த்துக் கொடுங்க. வாங்குகிறவர்களும் "என்ன கலர்?" என்று கேட்க முதல் "கீழ்ப் பக்கத்தைக் காட்டுங்க" என்று கேளுங்க.