குற்றாலச் சாரலுக்கு கண்ணாடிக் குடில் சரிப்படுமா?

யூடியூபில் பார்த்த கண்ணாடிப் பசுமைக்குடிலை அப்படியே தென்காசி வீட்டுக் கொல்லையில் கட்டலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து.

குளிர் நாடுகளில் கண்ணாடி போடுவது வெயிலின் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கத்தான். நமக்குப் பிரச்சினையே சூடுதான். மே மாத வெயிலில், நாலு பக்கமும் மூடிய குடிலுக்குள் நாற்று வெந்துபோகும்.

ஜூனில் நிலைமை மாறும். செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வேகமாக வீசும், சாரலும் சேரும். கண்ணாடி உடைந்தால் ஆபத்து. சாதாரண பாலித்தீன் சீக்கிரம் கிழியும். பாலிகார்பனேட் எளிதில் உடையாது. ஆனால் விலை அதிகம், மூடி வைத்தால் சூடும் தங்கும்.

அப்போ எதைத்தான் போடுவது? கோடைக்கு 50 சதவீத நிழல்வலை போதும். சாரல் தொடங்கியதும் அதைச் சுருட்டிடுங்க. மேகமூட்டத்தில் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சமே குறைவு. அப்போது கூரைக்கு மட்டும் 200 மைக்ரான் யூவி ஷீட், பக்கங்களுக்குப் பூச்சிவலை. காற்று உள்ளே வந்து போகணும், அதுதான் முக்கியம்.

கூரையைச் சரிவாக அமைத்து, ஷீட்டை இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்தால் தண்ணீர் தேங்கும், காற்றில் படபடத்துக் கிழியும். மழைக்காலம் முடிந்ததும் கழற்றி நிழலில் வைத்தால், அடுத்த சீசனுக்கும் உதவும்.