கை சின்னதில்லை, குழல்தான் பெரியது



ஒரு பிள்ளை பெரிய வாத்தியம் ஒன்றைக் கையில் எடுத்தால் நம் ஊர்களில் உடனே வரும் தீர்ப்பு: "இந்தக் கைக்கு இது சரிவராது." பேண்ட் பயிற்சியிலும் கேட்கிறோம், பெற்றார் கூட்டத்திலும் கேட்கிறோம். அதிகமாகப் பெண் பிள்ளைகளிடம்தான் சொல்லப்படுகிறது. சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொல்கிறார். ஆனாலும் அந்தத் தீர்ப்பு பிழையானது என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதை லோ விசில் என்ற ஒரே ஒரு வாத்தியத்தை வைத்துச் சொல்கிறோம்.

முதலில் ஒன்று. இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதம் நம் சமூகத்தில் இருக்கிறது. அதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். பெற்றாரும் சம்மதித்து, பாடசாலையும் இடம் கொடுத்த பிறகு, "எதை வாங்குவது, எப்படிப் பழக்குவது" என்று எழும் கேள்விக்கு மட்டுமே இந்தப் பதிவு. ஆரம்பப் பிரிவில் ரெக்கோடர் ஊதிய பிள்ளைகள் சிலர், மேல் வகுப்புக்கு வந்ததும் போனில் அயர்லாந்து இசையைக் கேட்டுவிட்டு இந்தக் குழலைப் பற்றி எங்களிடம் விசாரிக்கிறார்கள். அவர்களின் உம்மா வாப்பாமாரும் விசாரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

லோ விசில் என்பது அயர்லாந்துக்காரர் ஊதும் சிறிய டின் விசிலின் பெரிய வடிவம். இரண்டிலும் ஆறு துளைகள். ரெக்கோடர் போலவே வாயில் வைத்து நேராக ஊதலாம். புல்லாங்குழல் போல உதட்டைக் குவித்துக் காற்றைப் பிளக்க வேண்டியதில்லை. சின்ன விசில் கீச்சென்று ஒலிக்கும். லோ விசிலின் ஒலி ஆழமானது, கொஞ்சம் மூச்சுக் கலந்தது. ரிவர்டான்ஸ் நிகழ்ச்சியின் இசையில் டேவி ஸ்பிலேன் ஊதியதைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி ஞாபகம் இருக்கும்.

இது பல நூற்றாண்டுப் பழமையான வாத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று நாம் காணும் உலோக லோ விசில் 1971 அளவில் வந்தது. அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரியிடம் இந்திய மூங்கில் குழல் ஒன்று இருந்தது. பயணத்தில் அது உடைந்துவிட்டது. திருத்தித் தரும்படி இங்கிலாந்தில் குழல் செய்யும் பெர்னார்ட் ஓவர்ட்டனிடம் கேட்டார். திருத்த முடியவில்லை. அதற்குப் பதிலாக ஓவர்ட்டன் உலோகக் குழாயில் புதிதாக ஒன்று செய்துகொடுத்தார். அங்கிருந்து தொடங்கியதுதான் இவ்வளவும்.

இந்தக் கதையில் நாங்கள் கவனிக்கச் சொல்வது ஒரு விடயத்தை. ஒரு கலைஞர் கேட்டார், ஒரு கைவினைஞர் அவருக்காகச் செய்தார். வாத்தியத்தின் அளவு வானத்திலிருந்து இறங்கியதல்ல. கேட்டவரின் கைக்கும் தேவைக்கும் ஏற்ப ஒருவர் தீர்மானித்தது. இன்னொரு கைக்கு இன்னோர் அளவை ஏன் தேடக் கூடாது?

இனி அளவைப் பார்ப்போம். குழலின் சுருதியை அதன் நீளம் தீர்மானிக்கிறது. சாதாரண டி விசில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர், அதாவது நம் பிள்ளைகளின் அடிமட்டம் அளவு. ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமென்றால் நீளம் இரட்டிப்பாக வேண்டும். ஆகவே லோ டி ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர், இரண்டு அடிமட்டம். நீளம் இரட்டிப்பானால் துளைகளுக்கு இடையிலுள்ள தூரமும் இரட்டிப்பாகும். லோ டியில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையே 3 முதல் 4 சென்ரிமீற்றர் வரை வரும். வளர்ந்த ஆண்களுக்கே முதல் நாளில் அது எட்டாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

எட்டாமல் போவதற்குக் கையின் அளவு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பிடிக்கும் முறை என்பது எங்கள் எண்ணம். ரெக்கோடரில் நாம் பிள்ளைகளுக்கு என்ன பழக்குகிறோம்? விரலை வளைத்து, நுனிச் சதையால் துளையை மூடச் சொல்கிறோம். அங்கே அது சரி. அதே பழக்கத்தோடு லோ டியைப் பிடித்தால் விரல்கள் விரியவே விரியாது. இந்தக் குழலுக்கு உரிய பிடியை ஆங்கிலத்தில் பைப்பர்ஸ் கிரிப் என்பார்கள். பைக்குழல் ஊதுபவர்களின் பிடி அது. விரலை வளைக்காமல் தட்டையாக நீட்டி, குழலுக்குக் குறுக்கே போட்டு, நுனியால் அல்லாமல் விரலின் நடுப்பகுதியால் துளையை மூட வேண்டும். கீழ்க் கையின் மோதிர விரல் மட்டும் நுனிச் சதையால் மூடலாம். அதுவும் எட்டாவிட்டால் கடைசித் துளைக்குச் சின்ன விரலைப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபின்பார் ஃப்யூரியும் டேவி ஸ்பிலேனும் அயர்லாந்துப் பைக்குழல் வாசிப்பவர்கள். அந்தப் பிடி அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. நம் பிள்ளையிடம் அது இல்லை, அவ்வளவுதான். பழகாத பிடியைப் பார்த்துவிட்டுக் கையைக் குறை சொல்வது நியாயமா?

பிடியை மாற்றிய பிறகும் எட்டாத கைகள் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. அப்போது செய்ய வேண்டியது குழலை மாற்றுவது. லோ விசில் என்றால் லோ டி மட்டுமல்ல. லோ எஃப் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர், லோ ஜீ ஏறத்தாழ 45. இரண்டிலும் அந்த ஆழமான ஒலி இருக்கிறது. விரல் போடும் முறை எல்லாவற்றிலும் ஒன்றே. லோ ஜீயில் ஆறு மாதம் பழகிய பிள்ளை எஃப்புக்கு இறங்கலாம், பிறகு டிக்கு இறங்கலாம். இறங்காமல் ஜீயிலேயே நின்றாலும் குடி முழுகிப் போகாது.

ஒரே லோ டியிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒரு துளையைச் சற்று மேலே நகர்த்தி, அதைக் கொஞ்சம் சிறியதாகத் துளைத்தால் அதே சுரம் வரும். இப்படிச் செய்து தூரத்தைக் குறைக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. அந்தச் சுரம் கொஞ்சம் மெலிந்து ஒலிக்கும், மேல் ஸ்தாயியில் சுருதி பிசகவும் கூடும். வேறு சிலர் கடைசித் துளையை நேர்கோட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளித் துளைப்பார்கள். இதனால் சுருதி மாறாது, விரலுக்கு மட்டும் வழி கிடைக்கும். ஆனால் இடது கையைக் கீழே வைத்து ஊதும் பிள்ளைக்கு அது எதிர்ப்பக்கமாகிவிடும். குழல் இரண்டு துண்டாகக் கழன்று, கீழ்த்துண்டு தனியாகத் திரும்புமென்றால் இந்தப் பிரச்சினை தீரும்.

ஆகவே வாங்க நினைக்கும் பெற்றாருக்கு எங்கள் ஆலோசனை இது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டிய சாமான், கூரியரும் சுங்கமும் சேரும், பிழைத்தால் திருப்பி அனுப்புவது லேசில்லை. காசு கட்டுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: துளைகளுக்கு இடையிலுள்ள தூரம், துளைகளின் அகலம், குழாயின் வெளி விட்டம். பிறகு ஹாட்வெயாரில் அதே பருமனுக்குக் கிட்டிய ஒரு துண்டு பீவீசீ குழாய் வாங்கி, அந்த அளவுகளில் மார்க்கரால் ஆறு வட்டம் போடுங்கள். பிள்ளையின் கையில் கொடுத்து, மேலே சொன்ன பிடியில் வைத்துப் பாருங்கள். மணிக்கட்டு வளையாமல், தோள் தூக்காமல் ஆறு வட்டமும் மறைகிறதா? மறைந்தால் அந்தக் குழல் அந்தப் பிள்ளைக்குப் போதும். மறையாவிட்டால் அடுத்த சின்ன அளவைக் குறித்துப் பாருங்கள். ஒரு குழாய்த் துண்டின் செலவில் பெரிய நஷ்டம் ஒன்றைத் தவிர்க்கலாம். பாரத்தையும் பாருங்கள். உலோகத்தில் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். சின்னக் கைக்குப் பாரம் குறைந்தது நல்லது.

பழகும்போது முதலில் மேல் கையின் மூன்று விரல்கள் மட்டும். ஒரு சுரத்தை நீட்டி ஊதட்டும். ஒலி திடீரென்று மேலே பாய்ந்தாலோ கீச்சிட்டாலோ எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். பிள்ளைக்கு மூச்சுப் போதவில்லை என்று அர்த்தமில்லை. மேல் கை சரியான பிறகு கீழ் விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். குழலை இறுக்கிப் பிடிக்க விடாதீர்கள். இறுக்கினால் விரல் இன்னும் குறுகும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். வலித்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். "வலிக்க வலிக்கத்தான் கை விரியும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வளரும் கையோடு விளையாடக் கூடாது.

இதற்கு வரும் மறுப்பும் எங்களுக்குத் தெரியும். "லோ டிதான் அசல். மற்றதெல்லாம் சமாளிப்பு" என்பார்கள். அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அயர்லாந்தில் கலைஞர்கள் வட்டமாக அமர்ந்து வாசிக்கும்போது மெட்டுகள் பெரும்பாலும் டியிலும் ஜீயிலும்தான் இருக்கும். அங்கே சேர்ந்து வாசிக்க டி குழல் வேண்டும். ஆனால் அம்பாறையிலோ புத்தளத்திலோ தன் அறையில் இருந்து பழகும் பிள்ளை எந்த வட்டத்தில் அமரப் போகிறது? நாளைக்கு அமர வாய்த்தால் நாளைக்கு டி எடுக்கட்டும். அந்த நாள் வர வேண்டுமென்றால் இன்றைக்கு அது குழலை வீசிவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.

சின்ன அளவு என்றால் கேவலம் என்ற எண்ணம் மற்ற வாத்தியங்களில் இல்லை. வயலினில் கால், அரை, முக்கால் என்று அளவுகள் இருக்கின்றன. முக்கால் வயலின் வாசிக்கும் பிள்ளையை யாரும் போலி என்று சொல்வதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பியானோ மேதைகளில் ஒருவரான யோசப் ஹாஃப்மனின் கை சிறியது. ஸ்டைன்வே நிறுவனம் அவருக்கென்று கட்டைகள் ஒடுங்கிய பியானோக்களைச் செய்துகொடுத்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கு வாத்தியம் வளைந்து கொடுத்ததென்றால், நம் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

ஆசிரிய நண்பர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பேண்ட் குழுவில் எந்த வாத்தியத்துக்கு ஆள் குறைகிறதோ அதைத்தான் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம் என்பது ஊரறிந்த விடயம். அலுமாரியில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும், விளங்குகிறது. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் அந்தக் கையைப் பாருங்கள். பிடியைச் சொல்லிக் கொடுங்கள். சின்ன அளவு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பிள்ளையே வேண்டாம் என்றால் அது பிள்ளையின் முடிவு. அதற்கு முன் முடிவெடுக்கும் உரிமை நமக்கில்லை. "உன் கை சரியில்லை" என்று கேட்ட பிள்ளை குழலை மட்டும் கீழே வைப்பதில்லை. ஆய்வுகூடத்திலும் விளையாட்டு மைதானத்திலும் அந்தக் கையைப் பின்னாலேயே கட்டிக்கொண்டு நிற்கும். வகுப்பில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

உங்கள் பிள்ளைகளுக்கு வாத்தியம் தேர்ந்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றப் பெற்றாருக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.