பொழுதுபோக்கும் கட்டுத்துவக்கும்

சுட்டெறிந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கியெடுத்து, புது மருந்தும் குண்டும் அடைத்து மீண்டும் தோட்டாவாக்குவது அமெரிக்காவிலே ஒரு வீட்டுப் பொழுதுபோக்கு. நிறுக்கத் தராசு, அழுத்தப் பொறி, படிக்கக் கையேடு, யாவும் கடையில் உண்டு. இதைக் கைத்திறன் என்று மெச்சுகிற நண்பர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள்.

நம் மலைநாடு இவ்விளையாட்டை அறியாததன்று. குழல்வாயில் மருந்தும் குண்டும் இட்டு வேட்டையாடிய வெள்ளைத்துரைமாரில், பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்வர். (1845இல் அவரை மின்னல் கொன்றது.) அதற்குப் பெயர் வீரம்!

இன்று இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் ஓரத்தில் அதே மருந்தும் ஈயமும் இரும்புக் குழாயில் கெட்டிக்கப்பட்டு, பன்றித் தடத்தின் குறுக்கே கம்பியோடு காத்திருக்கின்றன. கட்டுத்துவக்குக்குப் பன்றியென்றும் மனிதனென்றும் பேதம் தெரியாது. விடியுமுன் இறப்பர்ப் பால் வெட்டப் போகிறவனின் முழங்காலும், விறகுக்குப் போகிறவளின் முழங்காலும் அதற்கு ஒன்றே.

1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டமும் இருக்கின்றன, கட்டியவனைப் பிடிக்கட்டும். அவனுக்காக நாம் வாதாடவில்லை. ஆனால் பன்றிக்குக் காடு வளர்த்துக் கொடுத்தவர் யார்? 1992இல் அரசு தோட்டங்களை 22 கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. களை பிடுங்க ஆளில்லாமல் காடேறிப்போன மலைகள் யார் பொறுப்பு? லயத்துக்குப் பின்னே மரவள்ளி நட்டவன் இரவெல்லாம் தகரம் தட்டுகிறான். வேலி கேட்டால் செலவென்கிறார்கள். காலிழந்தவனின் செலவு எந்தக் கணக்கேட்டில் ஏறுகிறது? காடு வெட்டும் கூலியையும் வேலியையும் தொழிற்சங்கங்கள் இனிச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே எழுதட்டும்.