மட்டையில் வெட்டிய கஸ்கெற்றும் நமது பெருமைகளும்

வன்னியைப் பற்றிப் புலம்பெயர்ந்தோர் கூடிப் பேசும் மேடைகளில் ஒரு கதை தவறாமல் வரும். பொருளாதாரத் தடைக் காலத்தில் எமது மெக்கானிக்மார் காகித மட்டையில் கஸ்கெற் வெட்டிப் போட்டு இயந்திரங்களை ஓட்டினார்கள் என்பது அக்கதை. கைதட்டல் எழும், சொல்பவரின் குரல் தழுதழுக்கும். கதை பொய்யல்ல. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை இன்று எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு உண்டு.

1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது, இடம்பெயர்ந்து வந்தவர்களால் மல்லாவி திடீரென ஒரு நகரமாயிற்று. எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் கடும் தட்டுப்பாடு. சில துளி பெற்றோல் விட்டு உசுப்பியபின் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடும் பெற்றோல் இயந்திரம் சூடேறித் தட்டும். எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஓயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அந்த இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியவர்கள், தாம் செய்வது தற்காலிக வேலை என்பதை அறிந்தே செய்தார்கள்.

ஓலைக் கொட்டில் ஒன்றில் வேலை செய்த முதியவர் ஒருவரை 1997 இல் சந்தித்தேன். மட்டையை ஓயிலில் ஊறவைத்து, சிறு சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டியே வெட்டிக்கொண்டிருந்தார். அது ஓயில் தொட்டிக்கு. தண்ணீர்ப் பம்புக்கும் அப்படிச் செய்யலாம் என்றார். சிலிண்டர் ஹெட்டுக்கும் இதுதானா என்று கேட்டேன். “ஹெட்டோட மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம் தம்பி” என்றார்.

மேடைக் கதையில் அந்த வசனம் மட்டும் விடுபட்டுப் போகிறது.

கடந்த காலபோகத்தின்போது, வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்யும் என் உறவினர் ஒருவரின் உழவு இயந்திரத்தில் ஹெட் கஸ்கெற் போய்விட்டது. திருத்தியவர் பழையதைப் போல் தோன்றிய ஒன்றை வாங்கி, இருபுறமும் சிலிக்கன் பசை அப்பி, கைப்பலத்தால் இறுக்கிக் கொடுத்தார். இரண்டு வாரங்களில் வெள்ளைப்புகை. ஓயில் பால்தேநீர் நிறமாயிற்று. மழை தொடங்கிய பின் வாடகைக்கு இயந்திரம் தேடி அலைந்து, விதைப்புப் பிந்தி, பாதி வயல் தரிசாகக் கிடந்தது. கேட்கப் போனவருக்குக் கிடைத்த பதில்: “சண்டைக் காலத்தில மட்டையிலயே ஓடினது, இது ஓடாதோ?”

இதுதான் நமது பெருமிதம் ஈன்ற பிள்ளை.

ஹெட் கஸ்கெற் மூன்றைப் பிரித்துக் காக்கிறது: எரிவாயுவின் பேரமுக்கம், குளிர்விக்கும் நீர், ஓயில். ஒன்று தவறினாலும் மற்றவை கெடும். ஹெட்டும் புளொக்கும் தட்டையாக உள்ளனவா என்று நேர்விளிம்பும் பீலர் கேஜும் வைத்து நீளவாட்டிலும் குறுக்காகவும் பார்க்காமல் எந்தக் கஸ்கெற்றும் நிற்காது. பல டீசல் இயந்திரங்களில், பிஸ்டன் புளொக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு உயர்கிறது என்பதை அளந்தே கஸ்கெற்றின் தடிப்பைத் தெரிவு செய்ய வேண்டும். அத்தடிப்பு விளிம்பிலுள்ள துளைகளாலோ வெட்டுகளாலோ குறிக்கப்பட்டிருக்கும். தடிப்புக் கூடினால் அமுக்கம் குறைந்து காலையில் இயந்திரம் உசும்பாது. குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் முட்டலாம். “பார்த்தால் ஒன்றுபோல இருக்கிறது” என்பது அளவல்ல.

பல அடுக்கு உருக்குத் தகட்டுக் கஸ்கெற்றுக்கு மிக மிருதுவான முகம் தேவை. சொரசொரப்பான பழைய முகத்தில் அது ஒழுகும். அங்கே கூட்டுப்பொருள் கஸ்கெற்றே சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஒருமுறை நசுங்கியதை மீண்டும் போடக்கூடாது. வாங்கியதைப் புளொக்கில் வைத்து நீர்த்துளையும் ஓயில் துளையும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போல்ற் துளைகளில் ஓயில் தேங்கியிருந்தால் இறுக்கும்போது புளொக்கே வெடிக்கலாம். நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, கைநூல் சொல்லும் அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அப்பிய சிலிக்கனில் பிதுங்கிய துண்டு ஓயில் வழியை அடைத்தால் பேரிங்கும் போய்விடும். பழைய இயந்திரங்களின் கஸ்கெற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி சுரண்டிக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்கு வைக்கும் உலை.

“ஏழைக் கமக்காரனிடம் இதற்கெல்லாம் பணம் ஏது?” என்று கேட்பார்கள். மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை பணமல்ல, அரைநாள் பொறுமை. பீலர் கேஜ் மலிவான பொருள். டோர்க் ரெஞ்ச் விலை கூடியதுதான். கமக்காரர் அமைப்பு ஒன்று வாங்கி ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கலாம். வருடந்தோறும் கோபுரத்துக்கும் ஒன்றுகூடலுக்கும் அள்ளிக் கொடுக்கும் நமது ஊர்ச் சங்கங்களுக்கு இது பெரிய தொகையா? இரண்டாவது முறை பழுதான இயந்திரத்துக்கு என் உறவினர் செலவழித்தது முதல்முறையிலும் பன்மடங்கு. ஏழைக்கு அரைகுறை வேலைதான் மிக விலை உயர்ந்த வேலை.

தடைகள் 2002 தொடக்கத்தில் நீங்கின. அந்த ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பின்னர் மீண்டும் போர் வந்து 2009 இல் முடிந்தது. 2022 இல் நாடே டீசலுக்கு வரிசையில் நின்றபோது உதிரிப்பாகத் தட்டுப்பாடு திரும்பியது உண்மை. அன்று கிடைக்காத பாகத்துக்கு யாரையும் குற்றம் சொல்லேன். ஆனால் நேர்விளிம்பு வைத்துப் பார்ப்பதை எந்த அரசும் எந்தக் காலத்திலும் தடைசெய்யவில்லை.

1997 இல் நான் கண்ட அந்த முதியவரிடம் பொருள் இருக்கவில்லை. எது எங்கே பொருந்தாது என்ற அறிவு இருந்தது. இன்று கடையில் பொருள் இருக்கிறது. அவர் பெயரால் அசட்டையை நியாயப்படுத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அடுத்த முறை மேடையில் யாராவது மட்டைக் கதையைத் தொடங்கினால், கைதட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஹெட்டுக்கு என்ன போட்டார்கள்?